பால்குடி நுண்ணுயிர்

தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தையின் மலம் மஞ்சளாக இருக்கும். நாற்றம் அதிகம் இருக்காது, லேசான புளிப்பு வாடைதான். புட்டிப்பால் குடித்த குழந்தையின் துணியையும் அலசியவர்களுக்கு வித்தியாசம் சொல்லாமலே தெரியும். குழந்தையின் பெருங்குடலில் குடியிருக்கும் ஒரு நுண்ணுயிர்க் கூட்டம், தாய்ப்பாலில் உள்ள சில சர்க்கரைகளைத் தின்றுவிட்டு அமிலத்தைக் கக்குவதால் வரும் வாடை அது. வினிகரில் இருக்கும் அதே அசிட்டிக் அமிலமும் தயிரில் இருக்கும் அதே லாக்டிக் அமிலமும்தான் அவை. கூட்டத்தின் பெயர் பிஃபிடோபாக்டீரியம். அந்தக் குடும்பத்தின் வாரிசு ஒன்று இன்று ஜப்பானில் முதியவர்களின் ஞாபகசக்திக்கான மாத்திரையாக விற்கப்படுகிறது. குழந்தையின் துணியிலிருந்து கிழவரின் மாத்திரை டப்பாவுக்கு அது வந்து சேர நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது.

அதை முதலில் பிரித்தெடுத்தவர் ஆன்ரி திசியே என்ற பிரெஞ்சுக் குழந்தை மருத்துவர். 1899இல் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளின் மலத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். நுண்ணோக்கியில் ஏராளமாகத் தெரிந்த ஒரு கிருமி, வழக்கமான முறையில் வளர்க்கப்போனால் பிடிவாதமாக வளர மறுத்தது. காரணம் காற்று. ஆக்ஸிஜன் அதற்கு ஆகாது. திசியே கையாண்ட வழி எளிமையானது. நீண்டு ஒடுங்கிய கண்ணாடிக் குழாயில் சர்க்கரை கலந்த அகார் கூழை நிறைய ஊற்றி, கொதிக்கவைத்து உள்ளே கரைந்திருக்கும் காற்றை விரட்டி, சூடு தணிந்து இறுகுவதற்குள் மிகச் சிறிதளவு மாதிரியைக் கலந்துவிடுவது. சில நாளில் குழாயின் மேற்பகுதி வெறுமையாகக் கிடக்க, காற்று எட்டாத ஆழத்தில் மட்டும் சின்னச் சின்னப் புள்ளிகளாகக் கூட்டங்கள் முளைத்திருக்கும். அவற்றை எடுத்துப் பார்த்தால் பல கிருமிகள் நுனியில் கவையாகப் பிரிந்து நின்றன. வயிற்றுப்போக்கால் வாடும் குழந்தைகளுக்கு இதையே கொடுத்துப் பார்க்கலாம் என்று 1906இல் திசியே எழுதினார். நன்மை செய்யும் கிருமியையே உயிரோடு உட்கொள்ளக் கொடுக்கும் இன்றைய புரோபயாடிக் சிந்தனையின் தொடக்கங்களில் அதுவும் ஒன்று.

ஆனால் அதே கட்டடத்தில் அவரைவிடப் பெரிய குரல் ஒன்று இருந்தது. எலீ மெச்னிகோஃப். உடலுக்குள் நுழையும் கிருமிகளை விழுங்கும் வெள்ளணுக்களைக் கண்டறிந்ததற்காக 1908இல் நோபல் பரிசு பெற்றவர். அவருக்குக் கவலை குழந்தைகளைப் பற்றி அல்ல, முதுமையைப் பற்றி. பெருங்குடலில் அழுகும் உணவிலிருந்து நஞ்சு ஊறி உடலைக் கிழடாக்குகிறது. புளித்த பாலில் உள்ள கிருமி அந்த அழுகலைத் தடுக்கும் என்று 1904 முதல் பேசியும் எழுதியும் வந்தார். பல்கேரியத் தயிரின் புகழ் அவர் வாயால் பரவியது. மருந்துக்கடைகளில் புளித்த பால் மாத்திரைகள் வந்தன. முதுமையில் விழுங்கும் அணுக்கள் மூளையின் நரம்பணுக்களையே தின்னத் தொடங்குகின்றன என்றுகூட அவர் ஒரு கருத்தை முன்வைத்தார். அன்றைக்கு அதற்கு அதிக மதிப்பு கிடைக்கவில்லை.

திசியே தன் கிருமியைக் குழந்தைகளுக்குப் பரிந்துரைத்த அதே 1906ஆம் ஆண்டின் நவம்பரில், ஜெர்மனியின் டியூபிங்கன் நகரில் ஆலோய்ஸ் அல்சைமர் என்ற மருத்துவர் ஒரு கூட்டத்தில் பேசினார். நினைவிழந்து 55 வயதில் இறந்த ஒரு பெண்ணின் மூளையில் தான் கண்ட படிவுகளையும் முடிச்சுகளையும் விவரித்தார். குடல் கிருமி, முதுமை, மறதி ஆகிய மூன்று கதைகளும் சில நூறு கிலோமீட்டர் தூரத்தில் ஒரே சமயத்தில் நடந்துகொண்டிருந்தன. ஒன்றை ஒன்று சந்திக்க இன்னும் நூறு ஆண்டு பிடித்தது.

உலகம் அப்போதைக்கு மெச்னிகோஃபின் கிருமியைத்தான் தேர்ந்தெடுத்தது. தயிரில் வளர்ப்பது சுலபம், புட்டியில் அடைப்பது சுலபம், நீண்ட ஆயுள் என்ற வாக்குறுதி வேறு. அந்தப் பல்கேரியக் கிருமி மனிதக் குடலில் நிலைப்பதே இல்லை என்று அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் லியோ ரெட்கர் குழுவினர் 1921 வாக்கில் காட்டினார்கள். மெச்னிகோஃபோ அதற்கு முன்பே, 1916இல், 71 வயதில் இறந்துவிட்டார். புளித்த பாலைத் தவறாமல் குடித்தவர். அக்காலத்துக்கு அது குறைந்த வயதல்ல. நூற்றாண்டு வாழ்வு பற்றிப் பேசியவருக்கு நீண்ட வயதும் அல்ல.

திசியேயின் கிருமி பல ஆண்டுகள் ஆய்வகங்களிலேயே கிடந்தது. அது எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்ற சண்டை மட்டும் ஓயவில்லை. நீண்ட காலம் தயிர்க் கிருமிகளின் இனத்தில் சேர்த்துவைத்திருந்தார்கள். நுண்ணுயிரியலாளர்களின் வேதமாகிய பெர்கி கையேடு 1974இல்தான் பிஃபிடோபாக்டீரியத்தைத் தனி இனமாக ஏற்றது. இடையில் 1963இல் கெர்ஹார்ட் ராய்ட்டர், குழந்தைக் குடலில் வாழும் குட்டையான ஒரு வகைக்கு ‘பிரீவே’ என்று பெயர் சூட்டினார். இந்தக் கதையின் நாயகன் அந்தக் கிளையைச் சேர்ந்தவன்.

1950களில் பிலடெல்பியாவில் பால் ஜியோர்ஜி என்ற குழந்தை மருத்துவர் கண்டறிந்த ஒன்றுதான் எனக்கு இந்த வரலாற்றிலேயே அதிகம் பிடித்த பகுதி. இந்தக் கிருமியின் ஒரு வகை, பசும்பால் சேர்த்தால் சோம்பிக் கிடந்தது. தாய்ப்பால் சேர்த்தால் செழித்து வளர்ந்தது. தாய்ப்பாலில் உள்ள, பல கண்ணிகளாகக் கோத்த சர்க்கரைகள்தான் காரணம் என்று பிறகு தெரிந்தது. லாக்டோஸும் கொழுப்பும் போக, தாய்ப்பாலின் திடப்பொருள்களில் மூன்றாவது இடம் இந்தச் சர்க்கரைகளுக்கு. ஒரு லிட்டருக்கு 5 முதல் 15 கிராம் வரை, சீம்பாலில் அதைவிடவும் அதிகம். வேடிக்கை என்னவென்றால் குழந்தையால் இவற்றைச் செரிக்க முடியாது. செரிக்கும் நொதியே மனிதக் குடலில் இல்லை. தாயின் உடல் அவ்வளவு சிரமப்பட்டுத் தயாரிக்கும் இந்தப் பொருளில் பெரும்பங்கு குழந்தையின் வயிற்றில் இருக்கும் கிருமிக்குத்தான் போய்ச் சேர்கிறது. அந்தக் கிருமியும் பெரும்பாலும் தாயிடமிருந்தே, பிரசவத்தின்போதும் அதன் பிறகும், குழந்தைக்கு வந்ததுதான். கிருமி பிழைத்திருந்து அமிலத்தைச் சுரந்தால், கெட்ட கிருமிகள் அண்டாது. தாய்க்கும் பிள்ளைக்கும் கிருமிக்கும் இடையே இத்தனை பழைய உடன்படிக்கை. ‘நல்ல பாக்டீரியா’ என்று விளம்பரக்காரர்கள் சொல்லும்போது எரிச்சல் வந்தாலும், இந்த இடத்தில் அந்தச் சொல் பொருத்தமானதே.

பால் மறந்ததும் உடன்படிக்கை தளர்கிறது. சோறு, கஞ்சி, பருப்பு உள்ளே வர, வேறு கிருமிகள் குடலில் ஆட்சிக்கு வருகின்றன. பால் குடிக்கும் பருவத்தில் குடலின் பெரும்பான்மையாக இருந்த பிஃபிடோபாக்டீரியம், பெரியவர்களிடம் சிறுபான்மையாகி, முதுமையில் இன்னும் இளைத்துப்போகிறது. வயதுக்கேற்ப ஏறி இறங்கும் இந்தக் கோட்டை வரைந்து காட்டியவர் ஜப்பானின் மிட்சுவோகா டோமோடாரி. அந்நாட்டின் பால் நிறுவனங்களின் பார்வை பிஃபிடோபாக்டீரியத்தின் பக்கம் திரும்பியதில் அவருடைய ஆய்வுகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

அப்படித்தான் நம் நாயகன் மோரினாகா பால் நிறுவனத்தின் வாசலுக்கு வருகிறான். இந்த நிறுவனத்துக்குக் குழந்தைப் பாலோடு உள்ள உறவு இனிமையானது மட்டுமல்ல. 1955இல் அதன் பால்பவுடரில் ஆர்செனிக் கலந்துபோய், 12 ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் பாதிக்கப்பட்டனர். நூறு பேருக்கு மேல் இறந்தனர். ஜப்பானின் உணவுப் பாதுகாப்பு வரலாற்றில் கறுப்புப் பக்கம் அது. 1969இல் அதே நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஆரோக்கியமான ஒரு குழந்தையிடமிருந்து ஒரு பிஃபிடோபாக்டீரியத்தைப் பிரித்து, காற்றையும் அமிலத்தையும் ஓரளவு தாங்கும் அந்த வகையைப் பாலிலும் தயிரிலும் சேர்த்து விற்கக் கற்றுக்கொண்டார்கள். அவர்களுடைய உறைபெட்டியில் இப்படிப் பல குழந்தைகளிடமிருந்து வந்த கிருமிகள் எண்ணிட்டுச் சேமிக்கப்பட்டன. அவற்றில் ஒன்றான ஒரு பிரீவே வகைக்கு எம்சிசி1274 என்று எண். எந்தக் குழந்தை, யார் பெற்றது என்று உலகத்துக்குத் தெரியாது. இப்போது அந்தக் குழந்தையும் வளர்ந்திருக்க வேண்டும்.

குடலையும் மூளையையும் சேர்த்துப் பேசும் தைரியம் அறிவியலுக்கு வந்தது 2004க்குப் பிறகு. ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்தில் நொபுயுகி சுடோ குழுவினர் கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளைச் சிறு குழாய்க்குள் அடைத்து மிரட்டினார்கள். அவற்றின் ரத்தத்தில் மன அழுத்த ஹார்மோன்கள் சாதாரண எலிகளைவிட அதிகமாகப் பொங்கின. ஒரே ஒரு கிருமியைக் கொடுத்ததும் அந்தப் பொங்கல் அடங்கியது. அந்தக் கிருமி பிஃபிடோபாக்டீரியம் குடும்பத்து இன்ஃபாண்டிஸ். 2011இல் அயர்லாந்தின் கார்க் நகரில் ஜான் கிரையன் குழுவினர் ஒரு லாக்டோபாசில்லஸ் கிருமியைக் கொடுத்து எலிகளின் பதற்றத்தைக் குறைத்தார்கள். குடலையும் மூளையையும் இணைக்கும் வேகஸ் நரம்பை வெட்டியதும் அந்தப் பலன் மறைந்தது. 2015இல் ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகர ஆய்வாளர்கள், கிருமியில்லா எலிகளின் மூளையில் உள்ள மைக்ரோக்லியா என்ற விழுங்கும் அணுக்கள் முதிராமலே நின்றுவிடுவதைக் கண்டார்கள். குடல் கிருமிகள் சுரக்கும் சிறு கொழுப்பமிலங்களைக் கொடுத்தபோது அவை பெருமளவு தேறின. மெச்னிகோஃப் உயிரோடு இருந்திருந்தால் அன்று கொஞ்சம் கூடுதலாகவே புளித்த பால் குடித்திருப்பார்.

2017இல் எம்சிசி1274க்கு முறை வந்தது. எலிகளின் மூளைக்குள் அல்சைமர் நோயில் படியும் அமிலாய்டு புரதத்தைச் செலுத்தி, நினைவு குலைந்த எலிகளுக்கு வாய்வழியாக இந்தக் கிருமியைக் கொடுத்தார்கள். சோதனைக் களம் மூன்று கிளை கொண்ட ஒரு பாதை. நல்ல நினைவுள்ள எலி, சற்று முன் போய்வந்த கிளைக்கே திரும்பாமல் புதிய கிளைக்குப் போகும். நினைவு கெட்டது வந்த வழிக்கே மறுபடி போகும். கிருமி தின்ற எலிகள் ஏறக்குறைய நல்ல எலிகளைப் போலவே நடந்துகொண்டன. நினைவுக்கு ஆதாரமான ஹிப்போகாம்பஸ் பகுதியில் அழற்சியைத் தூண்டும் மரபணுக்கள் அடங்கியிருந்தன. அந்த ஆய்வுக் கட்டுரையின் ஓரத்தில் ஒரு செய்தி இருந்தது. உயிரில்லாத கிருமியின் கூறுகளைக் கொடுத்தாலும், வெறும் அசிட்டேட்டைக் கொடுத்தாலும் ஓரளவு பலன் தெரிந்தது. நாயகன் உயிரோடு இருப்பது அவசியமா என்ற கேள்வி அங்கேயே எழுந்துவிட்டது. மாத்திரை விற்பவர்கள் அதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

எலியிலிருந்து மனிதனுக்கு வரும் வழியில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். தொட்டிகளில் காற்றுப் புகாமல் வளர்த்த கிருமியை, சுழற்றிப் பிரித்து, உறையவைத்து, வெற்றிடத்தில் உலர்த்திப் பொடியாக்குகிறார்கள். அது செத்துப்போகவில்லை, தூங்குகிறது. சோளமாவோடு கலந்து கூட்டுக்குள் அடைக்கிறார்கள். ஒரு நாளைய அளவு 2,000 கோடி கிருமிகள். விழுங்கியதும் முதல் கண்டம் இரைப்பை அமிலம். அடுத்தது பித்தநீர். ஆறேழு மீட்டர் சிறுகுடலைக் கடந்து பெருங்குடலை அடையும்போது எத்தனை பிழைத்திருக்கும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். அங்கே ஏற்கனவே குடியிருப்பவர்களின் எண்ணிக்கை சுமார் 38 லட்சம் கோடி. 2,000 கோடியும் முழுதாகப் போய்ச் சேர்ந்தாலும் 1,900 பேருக்கு ஒருவர். அவர்களுக்குத் தீனி, இடம், சொந்தபந்தம் எல்லாம் முன்பே உண்டு. வந்தவர்களுக்குத் தாய்ப்பாலும் இல்லை. மாத்திரையை நிறுத்தினால் சில வாரங்களுக்குள் பெரும்பாலும் தடயம் இல்லாமல் வெளியேறிவிடுகின்றன. தங்கியிருக்கும் அந்தச் சில நாளில் அவை செய்யக்கூடியது இரண்டு குளுக்கோஸிலிருந்து மூன்று அசிட்டேட்டும் இரண்டு லாக்டேட்டும் தயாரிப்பது, குடல் சுவரில் உள்ள எதிர்ப்பு அணுக்களோடு உரசுவது, வேகஸ் நரம்பின் காதில் எதையாவது ஓதுவது. கிருமி மூளைக்குப் போவதில்லை. போனால் அது வேறு வியாதி.

நம் வீட்டுத் தயிரில் இது இருக்கிறதா என்று இங்கே ஒரு கேள்வி வரும். பொதுவாக இல்லை. உறை ஊற்றிய பாலில் வளர்பவை லாக்டோபாசில்லஸ், லாக்டோகாக்கஸ் போன்ற வேறு குடும்பங்கள். காற்றும் புளிப்பும் பிஃபிடோபாக்டீரியத்துக்கு ஒத்துவராது. தயிர்சாதம் சாப்பிட வேறு நல்ல காரணங்கள் உண்டு.

மனிதச் சோதனை என்றால் என்ன என்று நேரில் பார்த்தால்தான் அதன் எண்களின் எடை புரியும். ஞாபக மறதிக்கான மருத்துவமனை அறை. மருத்துவர் கேட்கிறார், “அம்மா, இது எந்த வருஷம்?” பாட்டி மகன் பக்கம் திரும்புகிறார். “அவனைக் கேளுங்க தம்பி, வீட்டுல காலண்டர் கிழிக்கிறது அவன்தான்.” “என்ன கிழமைன்னு சொல்லுங்கம்மா.” “வயசான காலத்துல எல்லா கிழமையும் ஒண்ணுதானே.” மூன்று பொருள்களின் பெயரைச் சொல்லி, சற்றுப் பொறுத்து மறுபடி கேட்பார்கள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்வார்கள். காகிதத்தை மடிக்கச் சொல்வார்கள். மொத்தம் 30 மதிப்பெண். பாட்டியின் சாமர்த்தியமான பதிலுக்கு மதிப்பெண் கிடையாது. கேள்விக்குப் பதில் சொல்லாமல் துணைக்கு வந்தவர் பக்கம் தலை திரும்புவதையே மருத்துவர்கள் ஓர் அறிகுறியாகக் கவனிப்பார்கள்.

இந்த 30 மதிப்பெண்ணை வைத்துத்தான் 2016இல் ஈரானின் காஷான் நகரில் இருந்து ஒரு செய்தி உலகைச் சுற்றியது. அல்சைமர் நோயாளிகள் 60 பேரில் ஒரு பாதிக்கு நான்கு வகைக் கிருமிகள் கலந்த பாலைத் தினம் 200 மில்லி, 12 வாரம் கொடுத்தார்கள். நால்வரில் ஒருவர் நம் நாயகனின் தாயாதியான பிஃபிடோபாக்டீரியம் பிஃபிடம். பால் குடித்தவர்களின் மதிப்பெண் 27.9 சதவீதம் உயர்ந்தது. மற்றவர்களுடையது 5 சதவீதம் சரிந்தது. தலைப்புச் செய்திகளுக்கு இது போதும். ஆனால் நோயாளிகளின் தொடக்கச் சராசரியே முப்பதுக்குப் பத்தைத் தொடவில்லை. அங்கிருந்து 27.9 சதவீதம் என்றால் ஏறக்குறைய இரண்டு மதிப்பெண். பாட்டி அன்றைக்குக் கிழமையையும் மாதத்தையும் சரியாகச் சொல்லிவிட்டால் வரும் வித்தியாசம். பொய்யல்ல, ஆனால் சதவீதம் சொன்ன அளவு பெரிதுமல்ல. அதே ஊரில் 2018இல் 48 நோயாளிகளுக்குக் கிருமிகளைக் கூட்டில் அடைத்துக் கொடுத்த இன்னொரு சோதனையில் எந்த வித்தியாசமும் இல்லை. நோய் முற்றியவர்களுக்கு எடுபடாது போலும் என்றார்கள் ஆசிரியர்கள். 2016இல் பால் குடித்தவர்களும் முற்றியவர்கள்தானே என்று கேட்கத் தோன்றுகிறது.

மோரினாகா நோயாளிகளிடம் போகவில்லை. மறதி தொடங்கியிருக்கிறது, ஆனால் அன்றாட வாழ்க்கை இன்னும் ஓடுகிறது என்ற வாசற்படி நிலையில் இருப்பவர்களிடம் போனது. அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். 2019இல் வெளியான முதல் பெரிய சோதனையில் 121 முதியவர்கள், 12 வாரம். பத்துச் சொற்களைக் கேட்டுத் திரும்பச் சொல்லுதல், படம் பார்த்து வரைதல் போன்ற பயிற்சிகள் கொண்ட தேர்வு. கிருமி சாப்பிட்டவர்கள் தேறினார்கள். வெறும் மாவு சாப்பிட்டவர்களும் தேறினார்கள். ஒரே மாதிரித் தேர்வை இரண்டாம் முறை எழுதினால் யாருக்கும் கொஞ்சம் கூடத்தான் செய்யும். இரு அணிக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. பிறகு தொடக்கத்திலேயே குறைந்த மதிப்பெண் வாங்கியவர்களை மட்டும் தனியே பிரித்துப் பார்த்தபோது ஒரு வித்தியாசம் தெரிந்தது. முடிவு வந்த பிறகு கோட்டை மாற்றி வரைவது ஆய்வுலகில் மரியாதையான காரியம் அல்ல. ஆனால் அடுத்த சோதனைக்கு யாரைச் சேர்க்க வேண்டும் என்று அது வழிகாட்டலாம்.

வழிகாட்டவும் செய்தது. 2020இல் வெளியான சோதனையில் அந்த மாதிரியானவர்களையே, 50 முதல் 79 வயது வரை, 80 பேரைச் சேர்த்து 16 வாரம் கொடுத்தார்கள். இம்முறை மொத்த மதிப்பெண்ணில் இரு அணிக்கும் இடையே 11.3 வித்தியாசம். சராசரி நூறு என்று அமைந்த அந்தத் தேர்வில் இது சின்ன எண் அல்ல. ஒரு புரோபயாடிக்குக்கு நம்ப முடியாத அளவு பெரிதுகூட. அதனால்தான் அடுத்ததை ஆவலோடு எதிர்பார்க்க வேண்டியிருந்தது. 2022இல் டோக்கியோவின் ஜுன்டெண்டோ பல்கலைக்கழக மருத்துவர்கள் 65 முதல் 88 வயது வரை 130 பேரிடம் 24 வாரம் செய்த சோதனை வெளிவந்தது. வேறு தேர்வுமுறை. மொத்த மதிப்பெண்ணில் வித்தியாசம் இல்லை. நேரம், இடம் பற்றிய உணர்வைச் சோதிக்கும் ஒரு சிறு பகுதியில் மட்டும் பலன் தெரிந்தது. மூளையை ஸ்கேன் செய்து பார்த்ததில், ஏற்கனவே சுருக்கம் தொடங்கியிருந்தவர்களிடம் அது பெருகும் வேகம் குறைந்ததாகவும் தெரிந்தது. குடலின் கிருமிக் கூட்டத்தின் மொத்த அமைப்போ பெரிதாக மாறவில்லை.

இந்த மூன்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தால், முதலில் துணைக்குழுவில், பிறகு மொத்தத்தில், பிறகு ஓர் உட்பகுதியிலும் ஸ்கேனிலும் என்று பலன் இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. உண்மையான மருந்தின் பலன் இப்படி நகராது, அல்லது இவ்வளவு நகராது. 2019, 2020 கட்டுரைகளை எழுதியவர்களில் கிருமியை விற்கும் நிறுவனத்தின் ஊழியர்களே முக்கியமானவர்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதற்காக மோசடி என்று சொல்லிவிட முடியாது. சாதகமாக வராத 2019 முடிவை அவர்களே அச்சில் ஏற்றியிருக்கிறார்கள். இன்னொரு நாட்டில், வேறு உணவு உண்ணும் மக்களிடம், பணம் சம்பந்தப்படாதவர்கள் கையில், சில நூறு பேரோடு ஓரிரு ஆண்டு நடக்கும் சோதனைதான் இந்தக் கிருமியின் கதையில் இன்னும் எழுதப்படாத அத்தியாயம். எலியிடம் வெற்றி பெற்று மனிதனிடம் தோற்பது இந்தத் துறைக்குப் புதிதல்ல. கார்க்கில் எலிகளின் பதற்றத்தைத் தணித்த அந்தக் கிருமியை அதே கார்க்கில் 29 ஆண்களுக்கு எட்டு வாரம் கொடுத்துப் பார்த்தபோது ஒன்றும் நடக்கவில்லை. 2017இல் அதையும் மறைக்காமல் வெளியிட்டார்கள்.

வயதானால் பிஃபிடோபாக்டீரியம் குறைகிறது, அல்சைமர் நோயாளிகளிடம் இன்னும் குறைந்திருந்ததாக 2017இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் ஆய்வு ஒன்றும் காட்டியது, ஆகவே நிரப்பினால் சரியாகும் என்பது விற்பனையாளர்களின் தர்க்கம். நரைத்த தலைக்குச் சாயம் பூசலாம், வயது குறையாது. நோயால் கிருமி குறைந்ததா, கிருமி குறைந்ததால் நோயா, அல்லது பல் போய், பசி போய், நார்ச்சத்துள்ள உணவு குறைந்ததால் இரண்டுமா என்று அந்த ஆய்வுகளை வைத்துச் சொல்ல முடியாது.

கிருமி கெடுதல் செய்யாதே என்பது இன்னொரு சமாதானம். வீட்டில் நடமாடும் முதியவருக்குப் பெரும்பாலும் சரி. ஆனால் 2008இல் நெதர்லாந்து மருத்துவர்கள் வெளியிட்ட ஒரு சோதனையை மறக்கக்கூடாது. கணையம் கடுமையாக வீங்கிய நோயாளிகளுக்கு, பிஃபிடோபாக்டீரியமும் அடங்கிய ஒரு கிருமிக் கலவையைக் குழாய் வழியாகக் குடலுக்குள் செலுத்தினார்கள். நோய்த்தொற்று குறையும் என்பது நம்பிக்கை. குறையவில்லை. கலவை பெற்ற 152 பேரில் 24 பேர் இறந்தார்கள். பெறாத 144 பேரில் 9 பேர். படுக்கையில் கிடக்கும் நோயாளிக்கும், எதிர்ப்புசக்தி குன்றியவருக்கும் ‘வெறும் நல்ல பாக்டீரியாதானே’ என்று கொடுக்கும் பழக்கத்துக்கு அந்த எண்கள்தான் பதில்.

இத்தனைக்கும் நடுவில், 2021இல் எம்சிசி1274 கடைக்கு வந்துவிட்டது. ஜப்பானில் 2015 முதல் நடைமுறையில் உள்ள ஒரு சட்டம் அதற்கு வழிவிட்டது. நிறுவனமே ஆதாரங்களைத் திரட்டி நுகர்வோர் நல முகமைக்கு அறிவித்துவிட்டால் போதும். அரசு ஒவ்வொன்றையும் தனித்தனியே மதிப்பிட்டு அனுமதி தருவதில்லை. இதே ஏற்பாட்டில் விற்பனையான சிவப்பு ஈஸ்ட் அரிசி மாத்திரையால் 2024இல் பலருக்குச் சிறுநீரகம் கெட்டபோதுதான் இந்த வழியின் அகலம் பலருக்குப் புரிந்தது. மோரினாகாவின் டப்பா, குறைந்துவரும் நினைவாற்றலைத் தக்கவைக்க உதவும் என்ற அளவில் நிற்கிறது. நோயைக் குணப்படுத்தும் என்று சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. இந்த வகை உணவுகள் நோயாளிகளுக்கானவை அல்ல என்பது சட்டம். ஐரோப்பாவிலோ ‘புரோபயாடிக்’ என்ற சொல்லையே ஆரோக்கிய வாக்குறுதியாகக் கருதி, பெரும்பாலும் டப்பாவில் போட விடுவதில்லை.

இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, முதுமை மறதி நோய் இருப்பதாக 2023இல் வெளியான மதிப்பீடு சொல்கிறது. அந்த வீடுகளில் யாரோ ஒருவர் கைப்பேசியில் வந்த செய்தியைப் படித்துவிட்டு மருந்துக்கடையில் “புரோபயாடிக் குடுங்க” என்று கேட்டால், பெரும்பாலும் கையில் கிடைப்பது பாசில்லஸ் கிளாசி குப்பியோ சாக்கரோமைசஸ் பொட்டலமோ. இரண்டும் வயிற்றுப்போக்குக்காக எழுதப்படுபவை. முந்தையது வேறு குலம், பிந்தையது பாக்டீரியாகூட அல்ல, ஈஸ்ட். எம்சிசி1274க்கு இருக்கும் அரைகுறை ஆதாரம்கூட அவற்றுக்குப் பொருந்தாது. புரோபயாடிக்கைப் பொறுத்தவரை இனத்தின் பெயர் ஊர்ப்பெயர்தான். கடைசியில் வரும் அந்த எண்தான் கதவிலக்கம். டப்பாவில் எண் இல்லையென்றால் எந்த ஆய்வையும் அதற்குச் சான்றாகக் காட்ட முடியாது.

2024இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் மறதி நோயைத் தள்ளிப்போடவோ தவிர்க்கவோ வழியுள்ள 14 காரணங்களைப் பட்டியலிட்டது. ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, புகை, காது மந்தம், கண் பார்வைக் குறை, தனிமை எல்லாம் அதில் உண்டு. எல்லாம் சேர்ந்தால் உலகின் மறதி நோயில் சுமார் 45 சதவீதத்துக்கு அவை பொறுப்பு. குடல் கிருமி பட்டியலில் இல்லை. காலண்டர் கிழிப்பதை மகனிடம் விட்டுவிட்ட அந்தப் பாட்டிக்கு மருத்துவர் முதலில் எழுதிக்கொடுப்பது பி12, தைராய்டு ரத்தப் பரிசோதனைகளும் காது பரிசோதனையும்தான். பி12 குறைவால் வரும் மறதியை நேரத்தில் கண்டுபிடித்தால் ஊசியிலேயே பலர் தேறிவிடுகிறார்கள்.